எறும்பைக் கொல்லாமல் வீட்டை விட்டு விலக்கி வைப்பது எப்படி?

சமையல் மேடையின் ஓரத்தில் ஒற்றை எறும்பு ஒன்று போவதும் திரும்புவதுமாக அலைந்துகொண்டிருந்தால் நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை. சில மணி நேரம் கழித்து, மூடி சரியாகப் பொருந்தாத சர்க்கரை டப்பாவை நோக்கி ஒரு சாரையே ஊர்ந்து வரும்போதுதான் பதறிப்போய் ஈரத்துணியையோ மருந்தையோ தேடுகிறோம். அந்த நேரத்தில் நூறு எறும்புகளைத் துடைத்துக் கொன்றாலும் மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே சாரை நிற்கும். ஏன் அப்படி நடக்கிறது என்பது புரிந்துவிட்டால், உயிர்களைக் கொல்லாமலேயே வீட்டைக் காத்துக்கொள்ளலாம். எறும்பு போட்டு வைத்திருக்கும் வழியை அழித்துவிட்டால் போதும், எறும்பு தானாகவே வேறு இடம் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் பல ஆண்டுகள் என் வீட்டில் செய்து பார்த்து நான் கண்டுகொண்டது.

முதலில் அலைந்த அந்த ஒற்றை எறும்பு வேவு பார்க்க வந்தது. உணவைக் கண்டதும் அது வயிறார உறிஞ்சிக்கொண்டு, புற்றுக்குத் திரும்பும் வழியெங்கும் வயிற்றின் நுனியைத் தரையில் தொட்டுத் தொட்டு ஒரு மணப்பொருளைத் தீற்றிக்கொண்டே போகிறது. ஃபெரோமோன் எனப்படும் இந்தப் பொருள் நம் மூக்குக்குத் தெரியாது. ஆனால் புற்றில் உள்ள மற்ற வேலைக்கார எறும்புகள் உணர்கொம்புகளால் அதை அறிந்து, அதே தடத்தில் வந்து, உணவு கிடைத்தால் தாங்களும் அதன்மேல் மீண்டும் மணத்தைப் பூசிவிட்டுத் திரும்புகின்றன. வருபவை கூடக் கூடத் தடம் வலுக்கிறது. தடம் வலுக்க வலுக்க இன்னும் பல வருகின்றன. உணவு தீர்ந்துபோய் வெறும் வயிற்றோடு திரும்பும் எறும்பு மணத்தைப் பூசுவதில்லை என்பதால், பழைய மணம் மெல்ல ஆவியாகிச் சாரை தானாகவே கலைந்துவிடும். ஆகவே சாரையில் போகும் எறும்புகளை மட்டும் கொன்றுவிட்டு உணவையும் மணத்தையும் அப்படியே விட்டுவைப்பது, சாலையைத் திறந்து வைத்துவிட்டு வண்டிகளை மட்டும் அப்புறப்படுத்துவதைப் போன்றது. பல இனங்களில், நசுக்கப்படும் எறும்பு ஓர் எச்சரிக்கை மணத்தையும் வெளியிட்டு மற்றவற்றைக் கலவரப்படுத்துவதால், அவை மேலும் பரவி ஓடுகின்றன.

18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுவிட்சர்லாந்து இயற்கையியலாளர் ஷார்ல் போனே, ஊர்ந்துகொண்டிருந்த சாரைக்குக் குறுக்கே விரலால் தேய்த்து, எறும்புகள் அந்த இடத்தில் தடுமாறி நிற்பதைக் கண்டார். இதை எவரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சுவரில் எறும்பு இல்லாத சிறு இடைவெளி வரும் நொடியில் விரலைக் குறுக்காக ஒருமுறை அழுத்தித் தேய்த்துவிட்டு, சற்று விலகி நின்று கவனியுங்கள். அங்கே வந்து சேரும் எறும்பு சட்டென்று நிற்கும். உணர்கொம்புகளை இருபுறமும் வீசித் துழாவும். பின்வாங்கிப் பக்கவாட்டில் நகரும். பின்னால் வருபவையும் நின்றுவிட, கோட்டின் இருபுறமும் சிறு கும்பல் சேரும். எப்படியோ ஓர் எறும்பு துணிந்து அந்த விரற்கடை தூரத்தைக் கடந்துவிடும்; அதைத் தொடர்ந்து இன்னொன்று வரும்; சிறிது நேரத்தில் சாரை மீண்டும் இணைந்துவிடும். நாம் கற்க வேண்டிய பாடம் இதில் முழுமையாக இருக்கிறது. வழியை அழிப்பது பலிக்கும். ஆனால் ஓரிடத்தில் மட்டும் அழித்தால் பலிக்காது, முழு நீளத்துக்கும் அழிக்க வேண்டும்.

துடைப்பதற்கு முன் பின்தொடருங்கள்

சாரையைக் கண்டதும் கை துணியை நோக்கிப் போவது இயல்புதான். ஆயினும் ஒரு பதினைந்து நிமிடம் பொறுத்திருப்பது பின்னால் பல நாள் உழைப்பை மிச்சப்படுத்தும், ஏனென்றால் அவை எந்த வழியாக உள்ளே வருகின்றன என்பதை அவையே காட்டிக்கொடுக்கும் நேரம் அது. ஒரு டார்ச் விளக்கைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தால் மங்கலான இடத்திலும் எறும்பின் நிழல் நீண்டு தெரியும். சாரையில் இரண்டு திசைகளிலும் எறும்புகள் போவதால் வீடு திரும்புபவை எவை என்ற குழப்பம் வரும்; அப்போது வயிற்றைப் பாருங்கள். உறிஞ்சிக்கொண்டு திரும்பும் எறும்பின் வயிறு உப்பி, சில இனங்களில் ஒளி ஊடுருவும் அளவுக்கு வெளிறித் தெரியும். அந்த எறும்பைப் பின்தொடர்ந்தால் நுழைவாயில் கிடைத்துவிடும்.

திறந்த வெளியைவிட விளிம்பை ஒட்டி நடப்பதையே எறும்புகள் விரும்புகின்றன. ஆகவே ஓடுகள் சேரும் இடுக்கு, ஜன்னல் சட்டத்தின் கீழ்விளிம்பு, தண்ணீர்க்குழாய் சுவருக்குள் நுழையும் துளை, மின்கம்பி வரும் பெட்டி, வாசற்படிக்கும் தரைக்கும் இடையிலான விரிசல் ஆகியவற்றில்தான் பெரும்பாலும் வாயில் இருக்கும். கண்ட இடத்தைப் பென்சிலால் சிறிய வட்டமிட்டுக் குறித்து வையுங்கள், ஏனெனில் துடைத்த பிறகு அது எங்கே இருந்தது என்று தேடுவது கடினம். என் வீட்டில் ஒருமுறை, சர்க்கரைக்காக வருகின்றன என்று நான் உறுதியாக நம்பியிருந்த சாரை, டப்பாவைக் கடந்து நேராகப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் போய், ஒழுகிக்கொண்டிருந்த குழாயின் அடியில் முடிந்தது. கோடை வறட்சியில் அவை தேடி வந்தது தண்ணீரை. குழாயின் வாஷரை மாற்றிய பிறகு அந்தச் சாரை திரும்பவில்லை. பின்தொடராமல் இருந்திருந்தால் டப்பாக்களையே மாற்றிக்கொண்டிருந்திருப்பேன்.

உள்ளே இருப்பவற்றை வெளியே அனுப்புதல்

வாயிலைக் கண்டுகொண்ட பின் உணவை அகற்ற வேண்டும். சிந்திய துளிகள், பழத்தோல், குப்பைக் கூடையின் அடியில் தேங்கிய சாறு, தேன் பாட்டிலின் வெளிப்புறத்தில் வழிந்து உலர்ந்த கோடு, வளர்ப்புப் பிராணியின் மீந்த உணவு என எதுவும் மிஞ்சக் கூடாது. எடுத்தவுடன் துடைத்துவிடாமல் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை விட்டுவையுங்கள். திரும்பிச் செல்ல அவற்றுக்கு அந்தத் தடம் வேண்டும். முன்கூட்டியே அழித்தால் உள்ளே இருப்பவை வழி தெரியாமல் வீடெங்கும் சிதறிவிடும். சாரை மெலிந்தபின் எஞ்சியிருப்பவற்றை மென்மையான ஓவியத் தூரிகையால் ஒரு தாளின் மீது ஏற்றி வெளியே உதறிவிடலாம். விரலால் எடுத்தால் கால்கள் முறிந்துவிடும். தூசி உறிஞ்சும் இயந்திரத்தில் இழுத்தால் பெரும்பாலும் பிழைக்காது.

சர்க்கரை போன்ற உலர்ந்த பொருளுக்குள் எறும்பு ஏறிவிட்டால் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அகலமான தட்டில் மெல்லிதாகப் பரப்பி, இளவெயிலோ நல்ல வெளிச்சமோ படும் இடத்தில், தட்டின் விளிம்பு சுவரைத் தொடுமாறு வைத்தால், ஒளியையும் சூட்டையும் விட்டு அவை விலகி நிழலை நோக்கி இறங்கிப் போய்விடும். கடும் வெயிலில் வைத்தால் அவை வெந்து சாகும் என்பதால் நேரத்தைப் பார்த்துச் செய்யுங்கள்.

இப்போது துடைக்கலாம். தடத்தின் மணம் எண்ணெய்த் தன்மை கொண்டது என்பதால் வெறும் தண்ணீரால் முழுமையாகப் போகாது; பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரால் வாயிலிலிருந்து உணவு இருந்த இடம் வரை, கோட்டின் இருபுறமும் ஒரு சாண் அகலத்துக்குத் துடைத்துவிட்டு, அது காய்ந்தபின் வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து மீண்டும் ஒருமுறை துடைக்க வேண்டும். வினிகரின் வீச்சம் எஞ்சிய மணத்தை மறைத்துக் குழப்பும். அந்த வீச்சம் சில மணி நேரத்தில் போய்விடுமாதலால் மூன்று நான்கு நாள்களுக்கு நாளொரு முறை இதைச் செய்வது நல்லது. பளிங்கு, சுண்ணாம்புக்கல் போன்ற இயற்கைக் கற்களில் வினிகரும் எலுமிச்சைச் சாறும் படக் கூடாது. அமிலம் மேற்பரப்பை அரித்து மங்கச் செய்துவிடும், அங்கே சோப்புத் தண்ணீரே போதும். பிளீச்சிங் கரைசலோடு வினிகரை ஒருபோதும் கலக்காதீர்கள், அந்தக் கலவையிலிருந்து நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு வெளிப்படும்.

வாயிலை அடைத்தல்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். மற்ற எல்லா வழிகளும் சில நாள்களுக்குப் பலன் தருபவை, அடைத்த விரிசலோ ஆண்டுக்கணக்கில் பலன் தரும். ஜன்னல், குழாய் ஓரங்களுக்குச் சிலிக்கான் சீலன்ட், சுவர் விரிசலுக்குப் புட்டி, ஓடுகளின் இடுக்குக்கு வெள்ளைச் சிமெண்ட், கதவின் அடிக்கு ரப்பர்ப் பட்டை என இடத்துக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ளலாம். விரிசலில் உள்ள தூசியை நீக்கி உலரவிட்ட பிறகே பூச வேண்டும், இல்லாவிட்டால் சில மாதங்களில் அது பெயர்ந்துவிடும். மின்பெட்டிக்குள் எதையும் நீங்களாகத் திணிக்கவோ தெளிக்கவோ வேண்டாம். பெட்டியின் வெளிவிளிம்புக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளியை மட்டும் அடைத்தால் போதும்.

எறும்பு நடமாட்டம் நின்ற நேரம் பார்த்து அடைப்பதே முறை. சுவருக்குள்ளேயே அவை கூடு கட்டியிருக்கின்றன என்று தோன்றினால், வீட்டுக்குள் திறக்கும் துளையை மட்டும் அடைத்து, வெளிப்புறத் துளையைத் திறந்தே விடுங்கள். அவை அந்தப் பக்கமாகப் போய்வரக் கற்றுக்கொள்ளும். உள்ளே சிறைப்பட்டுச் சாகாது, வேறு புதிய வழி தேடி உங்கள் சுவரைத் துருவவும் தேவையிருக்காது.

மணப்பொருள்கள் எந்த அளவுக்கு உதவும்

இலவங்கப்பட்டை, கிராம்பு, புதினா எண்ணெய், எலுமிச்சைத் தோல் ஆகியவை எறும்பை விரட்டும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இதில் உண்மை உண்டு; பட்டையில் உள்ள சின்னமால்டிஹைடும் கிராம்பில் உள்ள யூஜெனாலும் பல பூச்சிகள் ஒதுங்கிப்போகும் வீரியமுள்ள பொருள்கள். ஆனால் வீரியம் காற்றில் கரைந்துபோவதால்தான் அவை மணக்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது. இன்று தெளித்த எண்ணெய் இரண்டு மூன்று நாளில் வலுவிழந்துவிடும். அலமாரியின் மூலையில் மாதக்கணக்கில் கிடக்கும் கிராம்பின் மேலேயே எறும்பு நடந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே துடைத்துவிட்ட வழிக்கும், இன்னும் அடைக்க முடியாத இடுக்குக்கும், தற்காலிகக் காவலாக மட்டுமே இவற்றை நம்பலாம்.

கால் லிட்டர் தண்ணீரில் பத்துப் பதினைந்து துளி புதினா எண்ணெயும், எண்ணெய் தனித்து மிதக்காமலிருக்கச் சில துளி சோப்பும் சேர்த்து, ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கித் தெளிக்கலாம். எறும்புகள் போன பிறகு வெற்றிடத்தில்தான் தெளிக்க வேண்டும், எறும்பின் மேல் நேரடியாகப் பட்டால் சோப்புத் தண்ணீர் அதன் மூச்சுத்துளைகளை அடைத்துக் கொன்றுவிடும். வீட்டில் பூனையோ பறவையோ இருந்தால் இந்த எண்ணெய்களைத் தவிர்த்துவிடுங்கள். இத்தகைய பல தாவர நறுமண எண்ணெய்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு, உரோமத்தில் பட்டதை நக்கினால் நோயுறும். அத்தகைய வீடுகளில் உலர்ந்த பட்டைத்தூளை இடுக்கில் இடுவது ஓரளவு பாதுகாப்பானது. எறும்புக்கோடு போடுவதற்கென்று விற்கப்படும் சாக்குக்கட்டிகளைச் சாதாரண சாக்குக்கட்டி என்று எண்ணிவிடாதீர்கள். பூச்சிக்கொல்லி கலந்த அவற்றைக் குழந்தைகள் எழுதுபொருள் என்று நினைத்து எடுக்கும் அபாயமும் உண்டு.

அடைக்க முடியாதவற்றுக்குத் தண்ணீர் அகழி

மேசைக்கால், செல்லப்பிராணியின் உணவுக் கிண்ணம், மேசையில் வைத்தே ஆக வேண்டிய தின்பண்டம் போன்றவற்றுக்குத் தண்ணீரைப் போல எளிய காவல் வேறில்லை. ஓர் அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் உணவை வைத்தால், விளிம்பு வரை வந்த எறும்பு உணர்கொம்பால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். உணவுக்கும் தட்டின் விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரற்கடை தண்ணீர் இருக்க வேண்டும். இந்தத் தண்ணீரில் சோப்பு சேர்க்கும்படி சிலர் சொல்வார்கள், சேர்க்காதீர்கள். தெளிந்த தண்ணீரின் மேற்பரப்பில் எறும்பு பெரும்பாலும் மிதந்து தப்பித்துவிடும், சோப்பு அந்தப் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுவதால் விழுந்தது மூழ்கிவிடும். தண்ணீரின் மேல் தூசி படிந்தால் அதுவே பாலமாகிவிடும் என்பதாலும், தேங்கிய நீரில் கொசு முட்டையிடும் என்பதாலும், நாள்தோறும் மாற்றிவிடுவது நல்லது. தண்ணீர் வைக்க இயலாத கால்களில் பெட்ரோலியம் ஜெல்லியை மிக மெல்லிய பட்டையாகத் தடவலாம். தடிமனாகத் தடவினால் சிற்றெறும்புகள் அதில் ஒட்டிக்கொண்டு சாகும்.

பூந்தொட்டியில் இருக்கும் புற்று

வீட்டுக்குள் வைத்திருக்கும் செடியைத் தேடி எறும்பு வருகிறதென்றால் இலையின் அடிப்புறத்தையும் இளந்தண்டையும் பாருங்கள். அசுவினியும் மாவுப்பூச்சியும் செடியின் சாற்றை உறிஞ்சி, இனிப்பான கழிவை வெளியேற்றுகின்றன. அதை உண்பதற்காக எறும்புகள் அவற்றை மந்தையைப் போலக் காத்து நிற்கின்றன. இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீரைப் பீய்ச்சி அந்தப் பூச்சிகளைக் கழுவிவிட்டால் எறும்புக்கு அங்கே வேலையில்லை. சுவரையோ ஜன்னலையோ தொடும் கிளைகளையும் வெட்டிவிடுங்கள், அவை வீட்டுக்குள் வரும் பாலங்கள்.

தொட்டி மண்ணுக்குள்ளேயே கூடு இருந்தால் அதை இடம்பெயர்க்கலாம். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். தொட்டியை ஒரு பெரிய வாளிக்குள் இறக்கி, பக்கத்தில் ஈரப்பதமான தளர்ந்த மண் நிறைந்த வேறொரு தொட்டியை வைத்து, இரண்டின் விளிம்புகளையும் ஒரு குச்சியால் இணையுங்கள். பிறகு வாளியில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, அரை மணிக்கு ஒருமுறை சில அங்குலம் என்ற அளவில் உயர்த்துங்கள். தண்ணீர் மட்டம் தொட்டியின் விளிம்புக்குக் கீழேயே நிற்க வேண்டும். அடியிலிருந்து மண் ஊறத் தொடங்கியதும் வேலைக்கார எறும்புகள் வெண்ணிறப் புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் வாயில் கவ்விக்கொண்டு மேலேறிக் குச்சியைக் கடக்கத் தொடங்கும். சில நேரம் இதற்கு ஒரு நாள் முழுவதும் ஆகும், அவசரப்படக் கூடாது. தோட்டத்துத் தரையில் வாசலை ஒட்டிப் புற்று இருந்தால், ஈரமண்ணும் வைக்கோலும் அடைத்த தொட்டியை அதன்மேல் கவிழ்த்துச் சில நாள் விட்டுவையுங்கள். வெதுவெதுப்பைத் தேடி அவை குஞ்சுகளை அதற்குள் கொண்டுவந்து சேர்த்தபின், அடியில் மண்வெட்டியைச் செருகித் தொட்டியோடு எடுத்து, வீட்டிலிருந்து நன்றாகத் தள்ளியிருக்கும் இடத்தில் வைத்துவிடலாம்.

இயற்கையானது என்ற பெயரில்

இயற்கையானது எல்லாம் உயிருக்கு இரக்கமானது என்று பொருளில்லை. நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து உருவான டயட்டமேசியஸ் மண் என்னும் தூள் எறும்பின் மேற்தோலில் உள்ள மெழுகுப் படலத்தைச் சிதைத்து, உடல் நீர் வற்றிச் சாகச் செய்கிறது. சர்க்கரையோடு கலந்த போரிக் அமிலம் மெல்லக் கொல்லும் நஞ்சு. எறும்புகள் வாயோடு வாய் உணவைப் பகிர்ந்துகொள்வதால் அது குஞ்சுகள் வரை போய்ச் சேரும். கொதிநீர் எறும்போடு சேர்த்து மண்ணில் உள்ள மற்ற உயிர்களையும் வேகவைக்கும். உலர்ந்த குருணையைத் தின்றால் எறும்பின் வயிறு உப்பி வெடிக்கும் என்பது வெறும் கதை, ஏனென்றால் வளர்ந்த எறும்பால் திடப்பொருளை விழுங்க இயலாது. நீர்மத்தை மட்டுமே அது உட்கொள்ளும்.

இரக்கத்துக்கும் எல்லை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டிய சூழல்களும் இருக்கின்றன. கொட்டும் நெருப்பெறும்புகள் வீட்டுக்குள் வருவதும், அங்கே எறும்புக்கடிக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர் இருப்பதும், ஈரமான மரச்சட்டத்தைத் தச்செறும்புகள் குடைந்து கட்டடத்தை வலுவிழக்கச் செய்வதும் அத்தகையவை. அவற்றுக்குப் பயிற்சி பெற்றவரின் உதவி தேவை. மஞ்சள் நிறத்தில் மிகச் சிறியதாக இருக்கும் ஃபாரோ எறும்பின் மேல் மருந்தைத் தெளித்தால், ஒரே கூட்டம் பல கூட்டங்களாகப் பிரிந்து கட்டடம் முழுவதும் பரவிவிடும் என்பதால் அதிலும் தெளிப்பானைக் கையில் எடுக்க வேண்டாம்.

மழைக்குப் பின் விளக்கைச் சுற்றிச் சிறகுள்ளவை மொய்த்தால், அவை எறும்பா கறையானா என்று பார்ப்பது முக்கியம். எறும்புக்கு இடை ஒடுங்கியும், உணர்கொம்பு முழங்கையைப் போல மடங்கியும், முன் சிறகு பின் சிறகைவிட நீண்டும் இருக்கும். கறையானுக்கு இடை ஒடுங்காது, உணர்கொம்பு நேராக இருக்கும், நான்கு சிறகுகளும் ஒரே நீளம். எறும்பென்றால் உள்விளக்கை அணைத்து ஜன்னலை மூடினால் போதும். கறையானென்றால் இங்கே சொன்ன எதுவும் பயன்படாது, மரச்சாமான்களையும் கதவுச் சட்டங்களையும் உடனே சோதிக்கச் செய்யுங்கள்.

பெருமழை பெய்து புற்றுகளில் நீர் புகும்போதும், நீண்ட வறட்சியின் போதும்தான் வேவு எறும்புகள் மிகுதியாக வரும். அந்த நாள்களில் டார்ச்சை எடுத்துக்கொண்டு, முன்பு பென்சிலால் வட்டமிட்ட இடங்களை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பூசிய சீலன்டில் மயிரிழை விரிசல் தெரிந்தால் அன்றே அதை அடைத்துவிடுங்கள்.